பொலிகார்ப்பாவின் ஏப்பம்

சான் கலிஸ்தோ எல்லைக் கோட்டை, 1791

ஜனவரி 24

குழந்தை பிறந்து இன்றோடு பத்து நாள். நான் ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிப்பதற்குள் இருபத்தாறு முறை மூச்சு விடுகிறாள். நேற்று இருபத்திரண்டுதான். அவள் வேகமாக விடுகிறாளா, நான் மெதுவாகச் சொல்கிறேனா?

பிரிஹிதாவிடம் சொன்னேன். இந்தக் கோட்டையில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாரையும் கையில் ஏந்தி வெளியே எடுத்த மருத்துவச்சி அவள். எனக்கும் அவள்தான் பார்த்தாள். நாற்பது நாளும் சமையலுக்கும் அவள்தான். அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை. "உசுரோட இருக்குற புள்ளை மூச்சு விடத்தான் செய்யும் சின்னம்மா. விடாம இருந்தா சொல்லுங்க, ஓடியாறேன்."

இதுதான் ஆறுதலா?

குழந்தை பிறந்த அன்றே பிரிஹிதா செம்பை எடுத்தாள். இங்கே அதுதான் வழக்கம். சாமியார் வருவது வருஷத்துக்கு இரண்டு முறை. அதுவரை காத்திருக்க முடியாது என்று மருத்துவச்சியே தலையில் தண்ணீரை ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். எண்ணெயும் உப்பும் வைக்கும் சடங்கு பிறகு, சாமியார் வந்ததும். நான்தான் வேண்டாம் என்றேன். துராங்கோ நகரில் கன்னியர் கல்லூரியில் ஒன்பது வருஷம் படித்தவள் நான். என் மகளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும், பாஸ்கா திருநாளுக்கு ஹசிந்தோ சாமியார் வரட்டும், இசபெல் என்று பெயர் வைப்போம் என்றேன். அன்றிலிருந்து அவள் தும்மினாலும் கட்டிலிலிருந்து எழுந்துவிடுகிறேன். ஞானஸ்நானம் இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்?

என் கணவர் கசிமீரோவிடம் இதைச் சொன்னால், "நீ தூங்கினாத்தான் சரியாகும். நீ தூங்கலேன்னா என்னையும் தூங்க விட மாட்டே" என்கிறார். கோட்டையில் துணைத்தளபதி. எதிரி வந்தால் அசைய மாட்டார். மனைவி பேசினால் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்று மூன்று சண்டை. குளிர் அதிகமாதலால் நான்காவது நடக்கவில்லை.

ஜனவரி 26

இன்று எழுத்து கோணலாகத்தான் வரும்.

மத்தியானம் பால் குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று வில்லாக வளைந்தாள். கண் மேலே போயிற்று. முகம் ஊதாவாகி— நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. தேவமாதாவே என்று கத்தியிருக்க வேண்டும், ஆனால் "குளம்பு! குளம்பு!" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். வெளியே கசிமீரோ குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் இருக்கலாம்.

அவர் உள்ளே பாய்ந்தார். கையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தோல் வாளி. குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த நொடி வாளி கவிழ்ந்தது. "பொலிகார்ப்பா! பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே நான் உன்னை—" ஜனவரி மாதத்துத் தண்ணீர். பாதி குழந்தைமேல், மீதி என்மேல்.

குழந்தை வீறிட்டது. பிறகு ஓர் ஏப்பம் விட்டது. அந்த உடம்புக்குள் அவ்வளவு பெரிய ஏப்பம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. உடனே முகம் ரோஜா நிறமாகிவிட்டது. சிரித்த மாதிரிகூட இருந்தது.

சமையலறையிலிருந்து பிரிஹிதா மாவுக் கையோடு வந்து நின்றாள். நனைந்த கட்டிலைப் பார்த்தாள். "காத்து. வெறும் காத்து. முதுகுல ரெண்டு தட்டு தட்டியிருந்தா போயிருக்கும். அதுக்கு எதுக்கய்யா வாளி?"

"பொலிகார்ப்பாவா?" என்றேன் நான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னிக்கு அந்தப் புனிதரோட திருநாள்" என்றார் கசிமீரோ, தலையைச் சொறிந்துகொண்டு. "காலை ஜெபத்துல நம்ம கோயிற்பிள்ளை அந்தப் பேரை நாப்பது தடவை சொன்னாரு. வாய்ல அதுதான் நின்னுச்சு."

ஞானஸ்நானம் ஒரே ஒரு முறைதான். திரும்பக் கொடுக்க முடியாது.

ஜனவரி 27

பொலிகார்ப்பா. பொலிகார்ப்பா. சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். பழகவில்லை.

ஜனவரி 30

எனக்கு ஏன் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்?

கல்யாணத்தின்போது கல்லூரித் தலைமைக் கன்னி எனக்குக் கொடுத்த புத்தகம் ஒன்று பெட்டியில் இருக்கிறது. மனசாட்சிச் சிக்கல்களுக்கெல்லாம் கேள்வி பதில். பால் கொடுக்கும்போது பொழுது போகாமல் அதைப் புரட்டினேன். வேறு யாராவது நாவல் வைத்திருப்பார்கள். என்னிடம் இதுதான் இருக்கிறது.

தண்ணீர் ஊற்றுகிறவர் குழந்தையின் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆவிக்குரிய உறவாகிவிடுகிறார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒருவரையொருவர் அப்படித்தான் அழைக்க வேண்டும்: ஆணைக் கொம்பாத்ரே, பெண்ணைக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களுக்கு அடுத்தபடி. அவர்களோடு சண்டை போடக் கூடாது, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசக் கூடாது, அவர்களைக் கல்யாணம் செய்துகொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. சரி. அடுத்த கேள்வி: வேறு ஆள் பக்கத்தில் இருந்தும், உயிருக்கு ஆபத்து இல்லாமலும், தகப்பனே தன் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றினால்?

பதில்: அவன் தன் மனைவிக்கே கொம்பாத்ரே ஆகிறான்.

அதற்குமேல் படிக்கக் கண் தெரியவில்லை. புத்தகத்தை மூடிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

வேறு ஆள் பக்கத்தில் இருந்ததா? பிரிஹிதா இருந்தாள். கட்டிலிலிருந்து சமையலறை எட்டு அடி. இன்று எழுந்து அளந்தும் பார்த்தேன். ஆபத்து? காற்று என்கிறாள்.

கசிமீரோ வந்ததும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நீ இதை யார்கிட்டயும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

"ரொசெந்தா. சத்தியமா சொல்லாதே."

பிப்ரவரி 1

சொல்லவில்லை. பொதுவாகக் கேட்டேன், அவ்வளவுதான்.

கோயிற்பிள்ளை தோன் ப்ரோஸ்பெரோ, குழந்தைக்கு மந்திரித்த மெழுகுவர்த்தி கொண்டுவந்து கொடுத்தார். சேணம் தைக்கிறவர். சாமியார் இல்லாத பத்து மாதமும் கோவில் சாவி அவரிடம்தான். நான் மிகவும் சாதாரணமாக ஆரம்பித்தேன். "துராங்கோவில் ஒரு தம்பதி இருந்தாங்க. அந்தப் புருஷன் ஒருநாள் அவசரத்துல..."

"வாளியாலா?" என்றார் தோன் ப்ரோஸ்பெரோ.

பிப்ரவரி 2

காணிக்கை அன்னை திருநாள். ஜெபமாலை முடிந்ததும் தோன் ப்ரோஸ்பெரோ தொண்டையைச் செருமினாராம். பிரசவத்தின் நாற்பது நாள் முடியாததால் நான் வீட்டில். கசிமீரோ இதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பாவத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக வேண்டிக்கொள்வோம், பெயர் சொல்ல வேண்டாம், துணைத்தளபதி மண்டியிடட்டும்னு சொன்னாரு."

பிறகு கோவில் வாசலிலேயே தோன் ப்ரோஸ்பெரோவின் தீர்ப்பு. "ஆயர் இருக்கும் ஊர் இங்கிருந்து பதினெட்டு நாள். சாமியார் இருக்கும் ஊர் நாலு நாள். அவர்கள் வாய் திறக்கும்வரை திருச்சபை என்பது நான்தான். ஹசிந்தோ சாமியார் வந்து விசாரிக்கட்டும். அதுவரை நீங்கள் அந்தப் பெண்மணிக்குக் கொம்பாத்ரே. சிப்பாய்கள் விடுதியில் படுங்கள். வீட்டுக்குப் போகலாம், வாசற்படி தாண்டலாம், சாப்பிடலாம். கதவு திறந்திருக்க வேண்டும்."

"நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு—" என்று ஆரம்பித்த கசிமீரோ நிறுத்திக்கொண்டார். கொமாத்ரேயை நீ என்று சொல்லக் கூடாது. அவளோடு சண்டையும் கூடாது. நெற்றியில் நரம்பு புடைத்தது. மூச்சை இழுத்துவிட்டு, தொப்பியை மார்பில் வைத்து,

"நீங்க... சொல்லாம இருந்திருக்கலாம், கொமாத்ரே" என்றார்.

நாலு வருஷத்தில் இவர் என்னிடம் பேசியதிலேயே மரியாதையான வாக்கியம் இதுதான்.

பிப்ரவரி 5

கதவு திறந்திருக்கிறது. வடகாற்று உள்ளே வருகிறது. குழந்தைக்குச் சளி பிடித்தால் தோன் ப்ரோஸ்பெரோ வந்து மூக்கைத் துடைப்பாரா?

பிப்ரவரி 9

கோட்டை இரண்டாகிவிட்டது. ஒரு கட்சி: குழந்தை செத்துக்கொண்டிருந்தது, தகப்பன் ஆன்மாவைக் காப்பாற்றினான், குற்றமில்லை. இன்னொரு கட்சி: வெறும் காற்று, தகப்பன் அவசரக்குடுக்கை. தோன் ப்ரோஸ்பெரோ வீடு வீடாகப் போய் வாக்குமூலம் எழுதுகிறார். பார்த்தவர்கள் மூன்று பேர்தான். எழுதியது முப்பத்தொரு வாக்குமூலம்.

பிரிஹிதாவிடம் கெஞ்சினேன். "குழந்தைக்கு ஆபத்து இருந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். நீ சொன்னா எல்லாம் முடிஞ்சிரும்."

கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "சின்னம்மா, முப்பத்தாறு வருஷமா புள்ளை பார்க்கிறேன். நான் அடுப்படியில ரொட்டி தட்டிக்கிட்டு இருக்கப்ப, எட்டடி தூரத்துல ஒரு புள்ளை சாகப் போச்சுன்னு நானே சொல்லணுமா? நாளைக்கு எவ எங்கிட்ட வருவா?"

"அப்போ என் குடும்பம்?"

"உங்க குடும்பத்துக்கு என்ன? அவரு வந்து சாப்பிடுறாரு, போறாரு. எங்க வீட்டுக்காரரு அப்படிப் போனா நான் மெழுகுவத்தி ஏத்துவேன்."

அவளுக்கு வேடிக்கை. எனக்குக் கசிமீரோ வேண்டும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் கோடு போட்டு அடிக்கவும் மனமில்லை.

பிப்ரவரி 14

இன்று திங்கள். கோட்டைக்கு வெளியே கூடாரம் போட்டிருக்கும் அப்பாச்சி பழங்குடியினருக்குச் சோளமும் மாட்டிறைச்சியும் கொடுக்கும் நாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கசிமீரோவையே பார்த்தார்களாம். அவர்கள்வரை போய்விட்டது! ஒருத்தி துபாஷியைக் கூப்பிட்டுக் கேட்டாளாம்: "எங்க ஆம்பளைங்க மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது. உங்க சாமி பொண்டாட்டி முகத்தையே பார்க்கக் கூடாதுன்னுட்டாரா? பாவம். ஆளை மாத்தி எழுதிட்டாங்கபோல."

கசிமீரோ அவளுக்கு ஒரு படி சோளம் கூடப் போட்டதாகச் சொன்னார்.

பிப்ரவரி 18

ஒரு விசித்திரம். எழுதி வைக்கிறேன்.

சண்டை போட முடியாததால் அவர் பேச ஆரம்பித்திருக்கிறார். முன்பெல்லாம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். இப்போது திறந்த கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, "நேத்து புள்ளை எத்தனை தடவை மூச்சு விட்டாங்க, கொமாத்ரே?" என்கிறார். இருபத்து நாலு என்றேன். யோசித்தார். "நம்ம குதிரைக்குப் பத்து. சின்ன உடம்புக்கு வேகமாத்தான் இருக்கும்னு தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

நான் என்ன நினைக்கிறேனா? யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நான் நிறைய நினைக்கிறேன். சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பீன்ஸ் ஆறிவிட்டது.

பிப்ரவரி 23

நாற்பது நாள் முடிந்தது. பிரிஹிதா ரோஸ்மேரி போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் தலைக்கு ஊற்றினாள். சுத்தமான பாவாடை. முடியை உலர்த்திக்கொண்டு முற்றத்தில் நின்றேன்.

கசிமீரோ வந்தார். பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார்.

"நல்லா இருக்கீங்களா, கொமாத்ரே?"

"இருக்கேன், கொம்பாத்ரே."

"குளிச்சீங்களா?"

"குளிச்சேன்."

"தண்ணி... சூடா இருந்துச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தோன் ப்ரோஸ்பெரோ இருமினார். அவருக்கு அங்கே என்ன வேலை?

மார்ச் 2

இருபது பேரோடு ரோந்து போகிறார். மூன்று வாரம். மேற்கே மலையடிவாரத்தில் யாரோ குதிரைகளைத் திருடிக்கொண்டு போயிருக்கிறார்களாம். எல்லாப் பெண்களும் புருஷன்மாரைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் மூன்றடி தள்ளி நின்று, "பத்திரமா போயிட்டு வாங்க, கொம்பாத்ரே" என்றேன். பொலிகார்ப்பாவை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

அவளைத் திரும்ப வாங்கும்போது என் விரல் அவர் கைமேல் பட்டது. வேண்டுமென்றே இல்லை. இருக்கலாம்.

மார்ச் 6

செய்தி இல்லை.

மார்ச் 11

செய்தி இல்லை. அவருக்கு ஏதாவது ஆனால் நான் யார்? விதவையா, கொமாத்ரேயா? கொம்பாத்ரே செத்தால் எத்தனை நாள் கறுப்பு உடுத்த வேண்டும்? ஒன்பது நாள் என்று நினைவு. ஒன்பது நாளில் நான் எப்படி—

பிரிஹிதா வந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள். "சாகாதவனுக்கு அழுதா ஆயுசு கூடும்னு யாரு சொன்னா? குடிங்க இதை."

மார்ச் 17

குழந்தைக்கு மூச்சு இருபத்து மூன்று. நானே ஐம்பது விடுகிறேன்.

மார்ச் 24

வந்துவிட்டார்! எல்லாரும் வந்துவிட்டார்கள். காயம் ஒருவருக்குத்தான், அது இவருக்கு. கோவேறுகழுதை கடித்தது. தோளில். அம்பு என்றால் நானே கட்டுப் போட்டிருக்கலாம், கழுதைக் கடி என்பதால் சிப்பாய்களே சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார்களாம்.

திறந்த கதவருகே உட்கார்ந்தார். தாடி வளர்ந்து வேறு ஆள் மாதிரி. "மலையில படுத்திருக்கப்ப ஒண்ணு யோசிச்சேன்" என்றார். "நாலு வருஷமா நான் உங்ககிட்ட எதையுமே கேட்டதில்லை. சொல்லியிருக்கேன். அவ்வளவுதான்."

நான் அடுப்பை ஊதினேன். புகைதான் கண்ணில் என்று அவர் நினைத்திருப்பார்.

ஏப்ரல் 16

ஹசிந்தோ சாமியார் வந்துவிட்டார். கன்னம் பூசணிக்காய் அளவு வீங்கியிருக்கிறது. பல்வலி. கழுதையிலிருந்து இறங்குவதற்குள் தோன் ப்ரோஸ்பெரோ முப்பத்தொரு வாக்குமூலத்தையும் நீட்டினார். சாமியார் அதை வாங்கித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார் என்று கேள்வி.

நாளை மறுநாள் விசாரணை. பிரிந்திருங்கள் என்று சொல்லிவிட்டால்? என்னைத் துராங்கோவுக்கே அனுப்பிவிட்டால்? குழந்தை யாரிடம்?

ஏப்ரல் 18

முழுக்க எழுத வேண்டும். குழந்தை தூங்கும்வரை எழுதுகிறேன்.

கோவில் நிறைந்திருந்தது. குருத்து ஞாயிறுக்குக்கூட இவ்வளவு பேர் வரவில்லையாம். சாமியார் கன்னத்தில் கிராம்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கசிமீரோ. "புள்ளை சாகுதுன்னு நினைச்சேன் சாமி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அடுத்து பிரிஹிதா. "காத்து."

"வேற ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையா?" என்றார் சாமியார்.

"நிறைய காத்து."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ தாய். நீ சொல்லு மகளே. குழந்தை செத்துக்கிட்டு இருந்ததா, இல்லையா?"

ஆம் என்றால் கசிமீரோ வீட்டுக்கு வந்துவிடுவார். பிரிஹிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு ஒட்டாத அந்தக் கைகளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். மடியில் வெறுமே கிடந்தன. மூன்று நாள் இடுப்பு வலியில் அந்தக் கைகளைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாது சாமி" என்றேன். "எனக்கு அவ தினமும் பத்துத் தடவை சாகுற மாதிரிதான் இருக்கு. தூங்கினா பயம், முழிச்சா பயம். அன்னிக்கு நான் கத்தின கத்தலுக்கு யாரா இருந்தாலும் வாளியோட ஓடி வந்திருப்பாங்க. பிரிஹிதா பார்த்தா அது காத்தாத்தான் இருக்கும். தப்பு என் கத்தல்லதான்."

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிரிஹிதாவாக இருக்காது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

தோன் ப்ரோஸ்பெரோ எழுந்தார். "ஆகவே காற்று! ஆகவே கொம்பாத்ரே! ஆகவே—"

"உட்காருப்பா, பல்லுல இடிக்குது" என்றார் சாமியார். என்னிடம் திரும்பி, "உனக்கு இது எங்கே தெரிஞ்சது?" என்றார். புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். வீங்கின கன்னத்தோடு அவர் சிரித்ததைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நல்ல புத்தகம். அந்தப் பக்கத்தைத் திருப்பினியா?"

"இல்லை சாமி."

"திருப்பியிருந்தா எனக்குப் பாஸ்கா வாரத்துல இந்த வேலை வந்திருக்காது. கேளுங்க எல்லாரும். கல்யாணம் கல்யாணம்தான். அதை யாராலும் வாளியால கவிழ்க்க முடியாது. உன் புருஷன் தெரியாம செஞ்சான்னு நான் நம்புறேன். ஆனா ஊரே கூடி முப்பத்தொரு தாள் எழுதின பிறகு நான் சும்மா விட்டா ஆயர் என்னைக் கேப்பார். அதனால அவருக்கு எழுதிப்போடுறேன். பதில் வரும்வரை சட்டத்துல இருக்குற மிகக் கடுமையானதையே வச்சுக்குவோம். தகப்பன் இப்படித் தண்ணி ஊத்தினா அவனுக்கு ஒரு உரிமை போகும். மனைவியைத் தன் பக்கம் கூப்பிடுற உரிமை. அவன் கேக்கக் கூடாது."

கோவிலில் ஒரு பெருமூச்சு.

"ஆனா" என்று விரலைத் தூக்கினார், "அவ ஒரு தப்பும் செய்யலே. அவ உரிமை அப்படியே இருக்கு. அவ கேக்கலாம். கேட்டா அவன் மறுக்கக் கூடாது. மறுத்தா அது பாவம். இன்னிக்கே வீட்டுக்குப் போ கசிமீரோ. கதவைச் சாத்திக்குங்க, ஊர் முழுக்கக் குளிருது."

முதலில் பிரிஹிதாவின் சிரிப்பு. அப்புறம் கோவில் முழுக்க. கசிமீரோவின் காது, கழுத்து எல்லாம் மிளகாய் நிறம். தோன் ப்ரோஸ்பெரோ தன் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குழந்தையைப் பார்த்தேன். பொலிகார்ப்பா கொட்டாவி விட்டாள்.

ஏப்ரல் 26

பாஸ்கா முடிந்தது. சாமியார் எண்ணெயும் உப்பும் வைத்து மீதிச் சடங்கை முடித்துவிட்டுக் கிளம்பினார். பல்லைக் கொல்லன் பிடுங்கினான்.

கசிமீரோ வீட்டில்தான் இருக்கிறார். கட்டிலின் அந்த ஓரத்தில், பூசைக்கு வந்தவர் மாதிரி நேராகப் படுத்துக்கொள்கிறார்.

நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? ஒன்பது வருஷம் படித்ததில் இதற்கு ஒரு வாக்கியம் சொல்லித்தரவில்லையே!

ஏப்ரல் 30

கிணற்றடியில் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வி: "கேட்டாச்சா?" தளபதியின் மனைவிகூட.

பிரிஹிதா யோசனை சொல்கிறாள். "வாயால கேக்க வெக்கமா இருந்தா அவரு தட்டுல ஒரு ரொட்டி கூட வைங்க."

வைத்தேன். சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

மே 3

தோன் ப்ரோஸ்பெரோவிடம் கசிமீரோ சந்தேகம் கேட்டிருக்கிறார். தான் பெருமூச்சு விட்டால் அது கேட்டதாக ஆகுமா? தோன் ப்ரோஸ்பெரோ இரண்டு நாள் யோசித்துப் பதில் சொன்னார்: தூக்கத்தில் விட்டால் ஆகாது. விழித்திருந்து அவள் பக்கம் திரும்பி விட்டால் ஆகும். கூரையைப் பார்த்து விட்டால் சந்தேகத்துக்குரியது.

நேற்றிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மே 9

"கதவைச் சாத்திட்டு இப்படி வாங்க, குளிருது" என்றேன்.

மே மாதம். வெளியே பல்லிகூட நிழலைத் தேடிக்கொண்டிருக்கிறது. குளிரா என்று அவர் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டார். கதவைச் சாத்தினார்.

மே 10

பொலிகார்ப்பா இன்று எத்தனை முறை மூச்சு விட்டாள் என்று எண்ணவில்லை. மத்தியானம்தான் நினைவு வந்தது.

ஜூலை 21

இரண்டு பல். ஒரு காய்ச்சல். நான் வழக்கம்போலக் கத்தினேன். கசிமீரோ ஓடி வந்து கதவருகிலேயே நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வாளி இல்லை. "சொல்லுங்க, என்ன செய்யணும்?" பிரிஹிதாவைக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார். அவள் வந்து தட்டினாள். காற்று.

இன்னும் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிடுகிறார். பழகிவிட்டது என்கிறார். ஆயர் பதில் வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கிணற்றடியில் சொல்கிறார்கள். பழையபடி என்றால் தொப்பி, நாலு சண்டை, "நீ சும்மா இரு". அந்தப் பதிலுக்காக நான் ஜெபிக்க வேண்டும். ஜெபிக்கிறேன். சத்தமாக இல்லை.

செப்டம்பர் 8

காலையில் வாந்தி. பிரிஹிதா என்னைப் பார்த்தாள், விரல்விட்டு எண்ணினாள், கஞ்சியில் இலவங்கப்பட்டை கொஞ்சம் கூடப் போட்டாள்.

நவம்பர் 12

மழை வரும் போலிருந்ததால் கசிமீரோவின் தோல் பையைத் தைக்க எடுத்தேன். உள்துணியில் ஏதோ தடித்திருந்தது. பிரித்துப் பார்த்தால், கடிதம். துராங்கோ ஆயர் இல்லத்து முத்திரை, உடைத்திருக்கிறது. தேதி ஆகஸ்ட் 19. பொதிக்கழுதைகள் கடைசியாக வந்தது செப்டம்பர் இருபதில். அப்படியானால் கிட்டத்தட்ட இரண்டு மாதமாக இவரிடம் இருக்கிறது.

படித்தேன். நல்ல கையெழுத்து. அறியாமையால் நேர்ந்தது, குற்றம் இல்லை. மேற்படி கசிமீரோவுக்குக் கணவனுக்குரிய எல்லா உரிமைகளும் இன்றுமுதல் திரும்பக் கொடுக்கப்படுகின்றன. மனைவிக்கும் கோயிற்பிள்ளைக்கும் அவன் இதை உடனே தெரிவிக்க வேண்டும்.

முற்றத்தில் அவர் பொலிகார்ப்பாவைக் குதிரைமேல் உட்காரவைத்து, "பிடிச்சுக்கிறீங்களா? நல்லாப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துத் தைத்துவிட்டேன். நெருக்கமான தையல்.

அவர் உள்ளே வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தைச்சிட்டீங்களா?"

"தைச்சிட்டேன். கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

"சரிங்க" என்றார்.